பம்ப் பிறந்த கதை தெரியுமா? கிங்ஸ் சர்க்கிள் பெற்றோருக்கு மூச்சுவிடாமல் சில ஆச்சரியங்கள்

ஆஸ்துமாக்காரர்கள் பையில் போட்டுக்கொண்டு திரிகிற அந்தக் குட்டி இன்ஹேலர், நம் ஊர்ப் பேச்சில் 'பம்ப்', ஒரு 13 வயதுப் பெண் கேட்ட கேள்வியில் பிறந்தது. தெரியுமா?

வருஷம் 1955. அமெரிக்காவின் ரைக்கர் லேபரட்டரீஸ் என்ற மருந்து கம்பெனிக்குத் தலைவர் ஜார்ஜ் மெய்சன். அவர் மகளுக்கு ஆஸ்துமா. அந்த நாளில் மருந்தை நெஞ்சுக்குள் இழுக்க ஒரு கண்ணாடிக் கருவியும் அதன் வாலில் ஒரு ரப்பர் குமிழும்தான் உண்டு. அமுக்கி அமுக்கிக் கை சோர்ந்துவிடும், கீழே விழுந்தால் சுக்குநூறாகும். பள்ளிக்கூடப் பையில் வைத்து எடுத்துப்போக வழியே இல்லை. தலைமுடிக்கு அடிக்கிற ஸ்பிரே டப்பா மாதிரி என் மருந்தையும் ஒரு டப்பாவில் அடைக்க முடியாதா என்று அப்பாவிடம் கேட்டாள் பெண். அப்பா 'போய்ப் படிக்கிற வேலையைப் பார்' என்று விரட்டவில்லை. கம்பெனியின் வேதியியல் ஆட்களைக் கூப்பிட்டார். சென்ட் பாட்டிலுக்கென்று செய்யப்பட்டிருந்த, ஒவ்வொரு அமுக்கலுக்கும் ஒரே அளவு மட்டும் வெளியே விடுகிற வால்வைத் தேடிப்பிடித்துப் பொருத்தினார்கள். 1956 மார்ச்சில் பம்ப் அங்கீகாரமே வாங்கிவிட்டது! கேள்விக்கும் கருவிக்கும் நடுவில் கிட்டத்தட்ட ஒரே வருஷம்.

ஆக, வளரிளம் வயதுப் பிள்ளைகள் கூச்சப்பட்டு ஒளித்து வைக்கிற சாமான், அவர்கள் வயதுப் பெண் ஒருத்தி கேட்டு வாங்கிய சாமான். உங்கள் வீட்டில் 13, 14, 15 வயதில் ஒன்று இருந்து, மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கி, ராத்திரி இருமி, டாக்டரும் "ஆஸ்துமாவா இருக்கலாம்னு தோணறது, ஊதிப் பாத்துடலாம்" என்று சொல்லியிருந்தால், இந்தக் கதையைத்தான் முதலில் அதன் காதில் போட வேண்டும். மீதியை நீங்கள் படியுங்கள்.

நம்ம பேட்டையே ஒரு தாம்பாளம்

மழை பெய்தால் மும்பை டிவி சானல்கள் கேமராவைத் தூக்கிக்கொண்டு எங்கே ஓடும்? கிங்ஸ் சர்க்கிள், காந்தி மார்க்கெட். சுற்றிலும் மேடு, நடுவில் நாம், வடியாத தண்ணீர். அது தெரிந்த கதை. தண்ணீர் வடிந்த பிறகு நடக்கிற கதைதான் பலருக்குத் தெரியாது. ஜூலை மாதம் ஸ்டீல் பீரோவை ஒரு சாண் முன்னால் இழுத்துப் பாருங்கள். பின்சுவரில் சாம்பல் கலந்த பச்சையில் ஒரு தேசப்படமே விரிந்திருக்கும். விரல் வைத்தால் மாவு போல ஒட்டும். பழைய கட்டடம், மேல்வீட்டு பாத்ரூம் கசிவு, மூடிய ஜன்னல், உள்ளேயே கொடிகட்டிக் காயப்போட்ட பள்ளி யூனிஃபார்ம். பூஞ்சைக்கு வேறென்ன வேண்டும்? அதன் விதைத்தூள் காற்றில் மிதந்து, உணர்வுள்ள மூச்சுக்குழலைச் சுருக்கிவிடும். சுவரில் பெயின்ட் அடித்து மறைப்பதில் பிரயோஜனம் இல்லை. கசிவை அடைத்தால்தான் பூஞ்சை போகும்.

தண்ணீரே குடிக்காமல் உயிர் வாழ்கிற பிராணி ஒன்று உங்கள் மெத்தையில் குடித்தனம் நடத்துகிறது, தெரியுமா? தூசிப் பூச்சி. கண்ணுக்குத் தெரியாது. நாம் உதிர்க்கிற தோல் செதில்தான் அதற்குச் சாப்பாடு. தாகத்துக்குக் காற்றிலுள்ள ஈரத்தையே உடம்பால் உறிஞ்சிக்கொள்ளும். அதனால்தான் வறண்ட ஊரில் அது செத்துப்போகும், மும்பை மழைக்காலத்தில் கொழிக்கும். பூச்சி கடிப்பதில்லை. அதன் எச்சம்தான் ஒவ்வாமை. வீட்டுத் தூசி ஆகாது என்று உலகம் காலங்காலமாகச் சொல்லிக்கொண்டிருந்தது. அந்தத் தூசிக்குள் இருக்கிற குற்றவாளி இந்தப் பூச்சிதான் என்று நெதர்லாந்தின் லெய்டன் நகர ஆராய்ச்சியாளர்கள் கண்டுபிடித்துச் சொன்னது 1964 வாக்கில்தான்! தலையணை உறையையும் விரிப்பையும் வாரம் ஒருமுறை 60 டிகிரி வெந்நீரில் துவைத்தால் அது சாகும். பாட்டி காலத்து இலவம்பஞ்சு மெத்தை சென்டிமென்ட் எல்லாம் சரி, இருமுகிற பிள்ளைக்கு அது வேண்டாம்.

கரப்பான் பூச்சியும் இந்தக் கூட்டத்தில் உண்டு. அமெரிக்க நகரங்களின் நெருக்கடியான ஏழைக் குடியிருப்புகளில் பிள்ளைகளின் ஆஸ்துமாவை ஏற்றிவிடுகிற பெரிய ஆசாமி கரப்பான்தான் என்று 1997ல் ஒரு பெரிய ஆய்வு சொன்னது. தாராவியிலும் மாட்டுங்காவிலும் சிங்க்குக்கு அடியில் குனிந்து பார்த்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம். மருந்தடிப்பதானால் பிள்ளை வீட்டில் இல்லாத நேரத்தில் அடியுங்கள், அல்லது ஜெல் வையுங்கள். ஸ்பிரே நெடியே இருமலைக் கிளப்பும்.

இன்னொன்று, கேட்டால் வயிறு கலங்கும். கொசுவர்த்திச் சுருள் ஒன்று முழுக்க எரிந்தால் வெளியாகிற நுண்துகள், 75 முதல் 137 சிகரெட் எரிந்தால் வருகிற அளவு என்று 2003ல் வெளியான ஓர் ஆய்வு கணக்குப் போட்டது. ஜன்னலைச் சாத்திவிட்டு, பிள்ளையின் கட்டிலுக்கடியில் சுருளை வைத்துவிட்டுத்தானே 'குட்நைட்' சொல்கிறோம்? கொசுவலை கட்டுங்கள். ஊதுபத்தி, சாம்பிராணி, கற்பூரமும் இதே ஜாதிதான். சாமி கோபித்துக்கொள்ளமாட்டார். பூவும் விளக்கும் போதும்.

சென்னை ஊமத்தை எடின்பரோ போன கதை

பாட்டி வைத்தியம் என்று ஒதுக்குகிறோமே, இதைக் கேளுங்கள். 1802ல் ஜெனரல் ஜென்ட் என்ற ராணுவ அதிகாரி சென்னையிலிருந்து பிரிட்டனின் எடின்பரோவுக்கு ஒரு சரக்கு கொண்டுபோனார். காய்ந்த ஊமத்தை! வேரையும் தண்டையும் உலர்த்தி, புகைத்து, இழுப்புக்கு மருந்தாகப் பயன்படுத்துவதைச் சென்னையின் தலைமை மருத்துவராக இருந்த ஜேம்ஸ் ஆண்டர்சன் அவருக்குக் காட்டியிருந்தார். செயின்ட் ஜார்ஜ் கதீட்ரலில் சிலையாக இருக்கிறாரே, அவரேதான். அங்கிருந்து பற்றிக்கொண்டது ஐரோப்பா முழுக்க. 'ஆஸ்துமா சிகரெட்' என்றே பெட்டி பெட்டியாக விற்றார்கள். ஆஸ்துமாவுக்கு சிகரெட்! இருபதாம் நூற்றாண்டிலும் அது மருந்துக் கடையில் கிடைத்தது.

அதில் வேலை செய்தது புகை அல்ல, ஊமத்தையிலுள்ள அட்ரோபின் வகைச் சரக்கு. அது மூச்சுக்குழலைத் தளர்த்தும். அளவு தப்பினால் புத்தி பேதலிக்கும், உயிரும் போகும். அதனால் தயவுசெய்து யாரும் ஊமத்தைச் செடியைத் தேடிப் போகாதீர்கள். அந்த அட்ரோபினைச் சோதனைச் சாலையில் திருத்தி, ஆபத்தைக் கழித்து உண்டாக்கியதுதான் இப்ராட்ரோபியம். ஆஸ்பத்திரியில் பிள்ளைக்கு நெபுலைசர் வைக்கும்போது 'டுயோலின்' என்று ஒரு குட்டிப் பிளாஸ்டிக் குப்பியை உடைத்து ஊற்றுகிறார்களே, அதற்குள் அது இருக்கிறது. பாட்டி நம்பிய ஊமத்தையின் பேரப்பிள்ளை, ஆவியாகி உங்கள் பிள்ளையின் நெஞ்சுக்குள் போகிறது!

காபிக்கும் ஒரு பங்கு உண்டு. கிங்ஸ் சர்க்கிளில் பிறந்தவர்கள் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ளலாம். ஸ்ட்ராங் காபி மூச்சுக்குழலைச் சற்று விரிக்கும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஹைட் சால்டர் என்ற ஆங்கிலேய டாக்டர், தாமே ஆஸ்துமாக்காரர், வெறும் வயிற்றில் கடுங்காபி என்று எழுதியே வைத்தார். பின்னாளில் அமெரிக்க ஜனாதிபதியான தியோடர் ரூஸ்வெல்ட்டுக்குச் சின்ன வயதில் ஆஸ்துமா வந்தபோது கடுங்காபியும் கொடுத்தார்கள், அதோடு சுருட்டும் பிடிக்க வைத்தார்கள்! காபியிலுள்ள கஃபீனும், நம் வீடுகளில் தலைமுறைகளாகப் புழங்குகிற 'டெரிஃபிலின்' மாத்திரையின் தியோஃபிலினும் நெருங்கிய சொந்தம். அதற்காக மகனுக்கு மூச்சு வாங்கும்போது டவரா டம்ளரை நீட்டாதீர்கள். அந்தச் சக்தி ரொம்பச் சொற்பம், வேலை செய்யவும் நேரமாகும். ஆனால் ஊதிப் பார்க்கும் சோதனைக்குப் போகிற அன்று காலை காபி குடிக்காமல் வரச் சொன்னால் ஏன் என்று இப்போது புரியும். காபி முடிவைக் கொஞ்சம் நல்லதாகக் காட்டிவிடலாம்.

ஆடாதோடை கஷாயமும் சும்மா இல்லை. அதன் வாசிசின் என்ற சரக்கிலிருந்து வழிபிறந்து வந்ததுதான் சளியை இளக்குகிற ப்ரோம்ஹெக்சின், அதன் தம்பி அம்ப்ராக்சால். இருமல் சிரப் பாட்டிலைத் திருப்பிப் படித்தால் பெயர் இருக்கும். ஆனால் சளி இளகுவது வேறு, ஆஸ்துமா அடங்குவது வேறு. மிருகசீரிஷ கார்த்தி அன்று ஹைதராபாத்தில் 'பத்தினி' என்ற குடும்பத்தார் உயிருள்ள விரால் குஞ்சின் வாயில் ஆஸ்துமா மருந்தை வைத்து விழுங்கக் கொடுப்பார்கள். 1845லிருந்து கொடுக்கிறோம் என்பார்கள். காசு வாங்குவதில்லை, கூட்டம் அலைமோதும். குணமாகிறது என்பதற்கு மருத்துவ ஆதாரம் ஒன்றும் கிடைக்கவில்லை. போய் வருவது உங்கள் இஷ்டம். பம்ப்பை நிறுத்திவிட்டுப் போவது மட்டும் கூடாது.

ஊதிப் பார்க்காமல் எதையும் நம்பாதீர்கள்

இப்போது விஷயத்துக்கு வருவோம். 'சந்தேகம்' என்று டாக்டர் சொன்னால் அது பூசி மெழுகுவதல்ல, நேர்மை. ஏனென்றால் ஆஸ்துமா வந்து வந்து போகும். எக்ஸ்ரே பெரும்பாலும் சுத்தமாக இருக்கும். மூச்சு நன்றாயிருக்கிற நாளில் ஊதினால் ஸ்பைரோமெட்ரியும் நார்மல் என்று வரலாம்! அதனால் ஒருமுறை நார்மல் வந்துவிட்டது என்று மூட்டை கட்டிவிடாதீர்கள்.

சோதனை நடக்கிற விதம் அழகு. மூக்கில் க்ளிப். நெஞ்சு நிறைய இழுத்து, குழாயில் வாயைப் பொருத்தி, ஒரே தம்மில் வெடிக்கிற மாதிரி ஊத வேண்டும். பக்கத்தில் நிற்கிறவர் "இன்னும், இன்னும், விடாதே" என்று கத்துவார். பிறகு பம்ப் மருந்து கொடுத்து, கால் மணி நேரம் உட்காரவைத்து மறுபடி ஊதச் சொல்வார்கள். முதல் நொடியில் வெளிவருகிற காற்று 12 சதவீதமோ அதற்கு மேலோ கூடினால் சந்தேகம் வலுக்கிறது. இந்தக் கருவியை 1846ல் உலகுக்குச் சொன்னவர் ஜான் ஹட்சின்சன். மல்யுத்தக்காரர், மாலுமி என்று 2,000க்கும் மேற்பட்டவர்களை ஊதவைத்து அளந்தார் மனிதர்!

வீட்டிலேயே ஊதுகிற பீக் ஃப்ளோ மீட்டர் மருந்துக் கடைகளில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். இதைக் கண்டுபிடித்த ஆங்கிலேயர் மார்ட்டின் ரைட், குடித்துவிட்டு வண்டி ஓட்டுகிறவர்களைப் பிடிக்கிற ஊதுகருவியை உருவாக்கியவர்களிலும் ஒருவர்! பிள்ளை காலையிலும் மாலையிலும் ஊதி நோட்டில் எண்ணைக் குறித்துவந்தால், இரண்டு வாரத்தில் டாக்டருக்கு எக்ஸ்ரே சொல்லாததை அந்த நோட்டு சொல்லும். எண் ஆடிக்கொண்டே இருப்பதுதான் ஆஸ்துமாவின் அடையாளம்.

இழுப்பெல்லாம் ஆஸ்துமா இல்லை என்பதும் தெரிந்திருக்கட்டும். நம் ஊரில் இரண்டு வாரத்துக்கு மேல் இருமினால் முதலில் காசநோய் இல்லை என்று உறுதி செய்துகொள்ள வேண்டும். ஓடும்போது தொண்டையில் அடைத்து, உள்ளே இழுக்கும்போது மட்டும் சத்தம் வந்து, பம்ப்புக்குக் கொஞ்சமும் மசியாமல் இருந்தால் அது குரல்நாண் தவறாக மூடிக்கொள்கிற வேறொரு தொல்லையாக இருக்கலாம். படிப்பிலும் விளையாட்டிலும் முட்டிமோதுகிற பிள்ளைகளிடம் இதைப் பார்க்கலாம். அதற்கு மருந்தல்ல, மூச்சுப் பயிற்சி. எல்லா வசதியும் உள்ள சயான் மாநகராட்சி ஆஸ்பத்திரி நமக்குக் கூப்பிடு தூரம், பரேலில் கே.இ.எம். இருக்கிறது. வாட்ஸ்அப்பில் மருந்து கேட்க வேண்டிய அவசியம் இந்தப் பேட்டைக்காரர்களுக்கு இல்லை.

"பம்ப் பக்கம் போகப்படாது"

மாட்டுங்கா வீடுகளில் இந்த வசனம் கேட்காத சுவரில்லை. "பம்ப் பக்கம் போகப்படாதுடீ, பழகிடுத்துன்னா விடாது. மாத்திரையே கொடுத்துடு." பாட்டி அன்பில் சொல்கிறாள். ஆனால் கணக்கு அப்படியே தலைகீழ். சால்பூட்டமால் மாத்திரை ஒன்றில் 4 மில்லிகிராம் மருந்து. பம்ப்பின் ஒரு அமுக்கலில் 100 மைக்ரோகிராம். அதாவது ஒரு மாத்திரையில் 40 அமுக்கல் அடக்கம்! மாத்திரை வயிறு, ரத்தம், இதயம் என்று ஊரெல்லாம் சுற்றி, கை நடுங்கவைத்து, கடைசியில் நெஞ்சுக்கு வருகிறது. பம்ப் நேரே போகவேண்டிய இடத்துக்குப் போகிறது. பம்ப் கடைசி மருந்து இல்லை, முதல் மருந்து. போதைப் பழக்கமும் ஆகாது.

அடுத்த பயம்: "ஸ்டீராய்டாமே, வளர்த்தியே நின்னுடுமாமே?" பயப்படுவது நியாயம், அதற்கு விடையும் உண்டு. அமெரிக்காவில் பிள்ளைகளுக்குப் பல வருஷம் ஸ்டீராய்டு பம்ப் கொடுத்து, அவர்கள் பெரியவர்களான பிறகு அளந்து பார்த்தார்கள். 2012ல் முடிவு வந்தது. மற்றவர்களைவிடச் சராசரியாக 1.2 சென்டிமீட்டர் குறைவு. ஒரு விரல் அகலம்கூட இல்லை. அடங்காத ஆஸ்துமாவும் வளர்ச்சியைப் பாதிக்கும். ராத்திரி தூக்கம், பள்ளி வருகை, உயிர் எல்லாவற்றையும் இந்தத் தட்டில் வையுங்கள், அந்த 1.2 சென்டிமீட்டரை அந்தத் தட்டில் வையுங்கள். என் தீர்ப்பில் சந்தேகமே இல்லை.

இனி வருவதுதான் இந்தத் தொகுப்பிலேயே பெரிய ஆச்சரியம். சால்பூட்டமால் நீலப் பம்ப் 1969ல் வந்தது. நம்மூர் சிப்லாவின் 'ஆஸ்தலின்' அதே மருந்துதான். 1935ல் குவாஜா அப்துல் ஹமீது இதே பம்பாயில் தொடங்கிய கம்பெனி அது, 1939ல் காந்தியே வந்து பார்த்துவிட்டுப் போனார். ஐம்பது வருஷமாக உலகம் பூரா 'மூச்சு வாங்கினால் நீலப் பம்ப்' என்றே வாழ்ந்தது. 2019ல் ஆஸ்துமாவுக்கான உலகளாவிய வழிகாட்டுக் குழு ஜினா ஒரு குண்டைப் போட்டது. 12 வயதும் அதற்கு மேலும் உள்ள யாருக்கும் இனி நீலப் பம்ப்பை மட்டும் தனியாகக் கொடுக்காதீர்கள்! ஏன்? நீலப் பம்ப் குழலின் தசையைத் தளர்த்துகிறது. உள்ளே வீங்கிச் சிவந்திருக்கிற புண்ணை அது தொடுவதே இல்லை. மூச்சு சரியாகிவிட்டது என்று பிள்ளை ஓடிவிடும், வீக்கம் உள்ளே வளர்ந்துகொண்டே இருக்கும். வருஷத்துக்கு மூன்று நீலப் பம்ப் காலியானாலே ஆபத்து கூடுகிறது என்று எச்சரிக்கிறார்கள். கூடவே வீக்கத்தை ஆற்றும் ஸ்டீராய்டு பம்ப்பும் இருக்க வேண்டும். ஃபார்மோட்டரோலும் ஸ்டீராய்டும் ஒன்றாகச் சேர்ந்த பம்ப்பை 12 வயதுக்கு மேல் பலருக்கு எழுதுகிறார்கள். உங்கள் பிள்ளையின் சீட்டில் நீலம் மட்டும் இருந்தால் "டாக்டர், இது ஒண்ணு போதுமா?" என்று வாய்விட்டுக் கேளுங்கள். தப்பே இல்லை.

உலகின் ஆஸ்துமா நோயாளிகளில் சுமார் 13 சதவீதம் பேர் இந்தியாவில். ஆஸ்துமா சாவுகளிலோ நம் பங்கு 40 சதவீதத்துக்கு மேல்! மருந்து இந்த ஊரிலேயே தயாராகிறது, உலகத்துக்கே ஏற்றுமதியாகிறது. நோயைப் பெயர் சொல்லக் கூசுவதிலும் பம்ப்புக்குப் பயப்படுவதிலும்தான் அந்த வித்தியாசத்தில் ஒரு பங்கு இருக்கிறது.

எழுதிக் கொடுத்த பம்ப்பையும் பெரும்பாலானோர் தப்பாகவே அடிக்கிறார்கள். நேரே வாயில் அடித்தால் மருந்தில் பெரும்பகுதி தொண்டைச் சுவரிலேயே அப்பிக்கொள்ளும். ஸ்பேசர் என்ற பிளாஸ்டிக் கூண்டை மாட்டி, குலுக்கி, மூச்சை முழுக்க வெளியே விட்டு, ஒரு அமுக்கு, மெதுவாக உள்ளே, பத்து எண்ணும்வரை பிடி, விடு. ஸ்டீராய்டு என்றால் முடிந்ததும் வாய் கொப்பளித்துத் துப்ப வேண்டும். அவ்வளவுதான் வித்தை. அடுத்த முறை டாக்டர் முன்னால் பிள்ளையே செய்து காட்டட்டும், நீங்கள் வாயைத் திறக்காதீர்கள்.

இந்த வயசுக்கென்று சில விசித்திரங்கள்

சின்ன வயதில் ஆஸ்துமா பையன்களிடம் அதிகம். பருவ வயதைத் தாண்டினால் பெண்களிடம் அதிகம்! நடுவில் எங்கேயோ தராசு சாய்ந்துவிடுகிறது. ஆகவே 14 வயதுப் பெண் மூச்சு வாங்குகிறது என்றால் 'வயசுக்கு வந்த அலுப்பு', 'பாவ்லா' என்று தள்ளாதீர்கள்.

மூச்சுக்குழல் மிகக் குறுகுவது விடிகாலை நான்கு மணி வாக்கில். உடம்பின் சொந்த ஸ்டீராய்டு ராத்திரியில் குறைந்திருப்பதும் இதற்கு ஒரு காரணம். பகலில் ஜம்மென்று இருக்கிற பிள்ளை, விடிகாலையில் மட்டும் எழுந்து உட்கார்ந்து இருமினால் அதுவே முக்கியமான துப்பு. அடுத்த அறையில் தூங்குகிற உங்களுக்குத் தெரியாது. கேட்டால்தான் சொல்லும். விழுந்து விழுந்து சிரித்தாலும் இழுப்பு வரலாம். பரீட்சையும் ஒரு கை பார்க்கும். ஆஸ்துமா உள்ள கல்லூரி மாணவர்களுக்கு ஒவ்வாத பொருளை இரண்டு சமயங்களில் கொடுத்துப் பார்த்தார்கள். சாதாரண நாளைவிடப் பரீட்சை வாரத்தில் குழலின் அழற்சி அதிகமாக இருந்தது என்று 2002ல் ஓர் ஆய்வு சொன்னது. பத்தாவது போர்டு எக்ஸாம் வருஷத்தில் பம்ப்பை மறந்துபோவது எவ்வளவு அபத்தம், யோசியுங்கள்.

"அம்மா, கிளாஸ்ல எல்லாரும் என்னையே பாக்கறா. நான் பம்ப்பை வீட்லயே வெச்சுட்டுப் போறேனே."

இதற்கு நீங்கள் என்ன பதில் சொன்னாலும் எடுபடாது. காரணம், சொல்வது நீங்கள்! கிண்டலில்லை, ஆராய்ச்சியே இருக்கிறது. ஆஸ்திரேலியாவில் மூத்த மாணவர்களைப் பழக்கி, அவர்களைக்கொண்டு இளைய வகுப்புகளுக்கு ஆஸ்துமா பாடம் நடத்தவைத்தார்கள். பாடம் நடக்காத பள்ளிகளில் மட்டும் இழுப்புகள் கூடின, பாடம் நடந்த பள்ளிகளில் பிள்ளைகளின் வாழ்க்கை லேசாயிற்று. 2001ல் வெளியான முடிவு. ஆகவே உபதேசத்தைக் குறைத்துக்கொண்டு, பம்ப் அடிக்கிற பெரிய அண்ணனோ அக்காவோ உங்கள் கட்டடத்தில் இருந்தால் ஒருநாள் காபிக்குக் கூப்பிடுங்கள்.

விளையாட்டை நிறுத்துகிற பெற்றோருக்கு ஒரு பெயர் போதும். ஸ்டூவர்ட் பிராட்! 2007 டர்பனில் யுவராஜ் ஆறு சிக்சர் விளாசினாரே, அதே பிராட். ஆஸ்துமாவோடு வளர்ந்து, 604 டெஸ்ட் விக்கெட் எடுத்துவிட்டு ஓய்வு பெற்றார். டேவிட் பெக்காமுக்கும் ஆஸ்துமாதான். வருஷக்கணக்காக அதோடுதான் பந்தை உதைத்துக்கொண்டிருந்தார் என்று பலருக்கு 2009ல் பம்ப்போடு எடுத்த படம் வெளியானபோதுதான் தெரிந்தது. ஃபைவ் கார்டன்ஸ் புல்வெளியில் ஓடவேண்டாம் என்று மட்டும் சொல்லாதீர்கள். ஓடுவதற்கு முன் கொஞ்சம் உடம்பைச் சூடேற்றிக்கொள்ளச் சொல்லுங்கள். எங்கே ஓடுவது என்று மட்டும் பாருங்கள். அம்பேத்கர் ரோட்டின் இரண்டு பக்கமும் வண்டி ஊர்கிற நேரத்தில், மேம்பாலத்தடித் தோட்டத்தில் வேக நடை போடுவது எனக்கு ஒப்பவில்லை.

வெளியே காற்று

நம் பக்கத்துக் காற்றுக்கு ஒரு சரித்திரமே உண்டு. செம்பூரை 'கேஸ் சேம்பர்' என்று ஊரே கேலி பேசியது சும்மா அல்ல. ரிஃபைனரி, உரத் தொழிற்சாலை, ரசாயனத் தொட்டிகள். மாஹுல் வட்டாரக் காற்றைக் கெடுத்ததற்காக 2020ல் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் நான்கு கம்பெனிகளுக்குச் சேர்த்து 286 கோடி ரூபாய் விதித்தது. 1927லிருந்து குப்பை கொட்டுகிற தேவ்னார் மேடு 2016 ஜனவரியில் பற்றியெரிந்தபோது புகை விண்வெளியிலிருந்து எடுத்த படத்தில் தெரிந்தது, பள்ளிகளுக்கு லீவு விட்டார்கள். தாராவி கும்பார்வாடாவில் சூளை புகையும் நாளில் பக்கத்துச் சந்துக்காரர்களைக் கேட்டால் கதை கதையாய்ச் சொல்வார்கள்.

தாதர் கபூதர்கானாவைத் தார்ப்பாய் போட்டு மூடியது 2025 ஆகஸ்டில். புறாவுக்குத் தீனி போடுவது புண்ணியமா பாவமா என்று ஊர் இரண்டாகப் பிரிந்து கத்தியது. எச்சமும் இறகுத்தூளும் நுரையீரலைக் கெடுக்கும் என்பதில் டாக்டர்கள் பிரியவில்லை. உங்கள் ஏசி பெட்டிக்குப் பின்னால் புறா கூடு இருந்தால் முகமூடி போட்டுக்கொண்டு ஈரத்துணியால் அகற்றுங்கள், பிள்ளையை அனுப்பாதீர்கள்.

இடிமழையே ஆஸ்துமாவைக் கொண்டுவரும் என்றால் நம்புவீர்களா? 2016 நவம்பர் 21, மெல்போர்ன். புயல் மேகம் புல்லின் மகரந்தத்தை உறிஞ்சி, வெடிக்கவைத்து, பொடிப்பொடியாக நகரத்தின் மேல் தூவியது. ஆயிரக்கணக்கானோர் ஒரே ராத்திரியில் ஆஸ்பத்திரி வாசலில். பத்துப் பேர் இறந்தார்கள். பாதிக்கப்பட்டவர்களில் இந்திய, இலங்கை வம்சாவளியினர் விகிதத்துக்கு மீறி அதிகம். மெல்போர்னில் சித்தப்பா இருக்கிறாரா? சொல்லி வையுங்கள்.

மும்பையின் ஆஸ்துமாவுக்கு இரண்டு பருவம். மழையில் பூஞ்சை, நவம்பரிலிருந்து பிப்ரவரிவரை புகை. இரண்டுக்கும் நடுவில் விநாயகர் சதுர்த்தி நெரிசலும் தீபாவளி வெடியும். ஜி.எஸ்.பி. கணபதியைப் பார்க்க வரிசையில் நிற்கப் போகிற பிள்ளையின் பாக்கெட்டில் மொபைல் இருக்கிறதா என்று பார்க்கிறீர்கள். பம்ப்பையும் பாருங்கள்.

ஒரு விஷயத்தை மட்டும் வேகமாகப் படித்துத் தாண்டாதீர்கள். இழுப்புச் சத்தம் நின்றுபோனால் சரியாகிவிட்டது என்று அர்த்தமில்லை. காற்றே போகவில்லை என்றும் இருக்கலாம்! ஒரு வாக்கியம் முழுக்கப் பேச முடியவில்லை, கழுத்துக் குழி உள்ளே இழுக்கிறது, உதடு நீலம் பூக்கிறது, பிள்ளை சோர்ந்து சாய்கிறது என்றால் காத்திருக்காதீர்கள். படுக்கவைக்காமல் நிமிர்த்தி உட்காரவையுங்கள். நீலப் பம்ப்பை ஸ்பேசரில் ஒரு அமுக்கு, நான்கு மூச்சு. இப்படி நான்கு அமுக்கு. நான்கு நிமிஷம் பொறுத்து, தேறாவிட்டால் திரும்பவும் நான்கு. அடித்துக்கொண்டே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்.

இந்த வாரமே டாக்டரிடம் ஒரே ஒரு தாள் எழுதி வாங்குங்கள். எந்தப் பம்ப் தினமும், எது அவசரத்துக்கு, எப்போது ஆஸ்பத்திரி. ஒரு பிரதி குளிர்சாதனப் பெட்டியின் கதவில், ஒன்று பி.டி. மாஸ்டரிடம், போட்டோவாக ஒன்று பிள்ளையின் போனில். பம்ப்பில் இன்னும் எத்தனை அமுக்கு பாக்கி என்று காட்டுகிற எண்ணைப் பார்த்து வைக்கிற வேலையைப் பிள்ளையிடமே விடுங்கள். மகாராஷ்டிரா முழுக்க 108 ஆம்புலன்ஸுக்குக் காசு கிடையாது. அந்த எண்ணையும் அதே போனில் இன்றைக்கே போட்டுவிடுங்கள்.